பதினேழாம் நம்பர் சிப்பின் பதினொரு சுற்று

முரசுமோட்டை
29.09.2025

விமலேஸ்வரி ரீச்சருக்கு,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் துணிவு வராது. 21ஆம் திகதி நடந்த வன்னி ரிமோட் கார் ஓட்டத்தில் மூன்றாம் இடம் என்று எனக்குக் கொடுத்த கோப்பை, என் கார் ஓடி வாங்கியது அல்ல. என் கார் மூன்று சுற்று ஓடியது. பிறகு வைக்கோல் வளைவில் குப்புற விழுந்து, ஒரு சில்லுக் கழன்று, கடைசிவரை என் கதிரைக்குக் கீழே கிடந்தது. மிச்ச எட்டுச் சுற்றும் ஓடியது நான்.

ஓடியது என்றால் காலால்.

கார் விழுந்ததும் நான் முதலில் செய்தது அதன் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சிப்பைப் பிடுங்கியதுதான். தீப்பெட்டி அளவில் சிவப்பாக ஒன்று, உள்ளே தனிப் பற்றரி, மேலே 17 என்று நம்பர். ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குக் கீழே புதைத்திருக்கும் வயருக்கு மேலால் அது போனால், சுற்று எண்ணுகிற பெட்டி ஒரு தரம் கத்தி ஒரு சுற்று எழுதிக்கொள்ளும். அந்தத் தீப்பெட்டிக்கு முப்பதாயிரம் கொடுத்தேன். காரோ பழைய கார், பதினெட்டாயிரம். ஆகவே எங்கள் கழகத்தில் கார் மழையில் கிடக்கும், சிப் வீட்டுக்குள் படுக்கும். ஜனார்த்தனன் தன்னுடைய சிப்பை மனிசியின் தாலிக்கொடியோடு அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறான். மனிசி கேட்டதற்கு, கொடியை விட இதற்கு ஆபத்துக் கூட என்று சொன்னானாம்.

ஆக, சிப்பைக் கழற்றிச் சேட் பொக்கற்றுக்குள் போட்டேன். தேத்தண்ணி விற்க வந்த பேச்சியம்மாவிடம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். பிறகு எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத முத்துலிங்கம் என்ன செய்வான் என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தின் நெல் காயவிடும் தளத்தில் ஒரு பக்கம் வவுனியாக்காரர், மறுபக்கம் எங்கள் ஆட்கள், நடுவில் கோடு. வவுனியாக் கழகத் தலைவர் பாலன் புதுப் பெட்டி வாங்கின காசை, மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை போட்டதாக வீட்டில் சொல்லியிருக்கிறாராம். அதை இந்தப் பக்கம் கொண்டுவந்து சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னால், கொட்டிலுக்குள் மாடே இல்லையே என்று எங்கள் செல்வநாயகம் ஒரு துணுக்குப் போட்டார். அதைத் திரும்ப அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடலாமா? இப்படி எத்தனை தரம் கோட்டைக் கடந்தேன் என்று நான் எண்ணவில்லை. பெட்டி எண்ணியிருக்கிறது. எட்டு.

பின்னேரம் பார்த்தால் சிப் வழக்கம்போல, பெட்டிக்குப் பக்கத்தில் சிப்புகள் போடுகிற மேசைத் தட்டில் இருக்கிறது. எப்போது எடுத்து வைத்தேன் என்பதே நினைவில்லை. அவ்வளவு கதை.

“உங்கட வாயாலதான் உங்களுக்கு அழிவு” என்று என் மனிசி இருபத்தாறு வருசமாகச் சொல்லுகிறா. அந்த வாய்க்கு ஒருநாள் கோப்பை கிடைக்கும் என்று அவா எதிர்பார்க்கவில்லை.

“மூன்றாம் இடம், 17ஆம் நம்பர், பதினொரு சுற்று. நான்காம் இடம், விமலேஸ்வரி, பத்துச் சுற்று” என்று வாசித்தபோது, சுமித்திரா எண்ணி எழுதிய கொப்பியோடு நீங்கள் எழும்பி வந்தீர்கள். 17 மூன்று சுற்றுத்தான் ஓடியது என்றீர்கள். கொழும்புச் சங்கத்திலிருந்து வந்த நடுவர், “ரீச்சர், மெசின் பொய் சொல்லாது” என்றார். நான் அந்த நேரம் கோப்பையில் என் பெயர் எழுத இடம் காணுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கொப்பியை மூடினீர்கள். அன்றிரவே குறூப்பை விட்டுப் போய், என் நம்பரையும் அடைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். அதோடு, இதை வட்ஸ்அப்பில் எழுதினால் பத்து நிமிசத்தில் கனடாவில் வாசிப்பார்கள்.

கோப்பை அல்ல விசயம் என்பது எனக்கும் தெரியும். உங்கள் கழகமும் எங்கள் கழகமும் சேர்ந்து வாங்கிய பழைய பெட்டி, ஆறு வருசமாக ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே என்று பஸ்ஸில் போய்வந்த பெட்டி, டிசம்பர் 31க்குப் பிறகு வேலை செய்யாது. பழுதாகி அல்ல; செய்த கம்பனி நிறுத்துகிறது. கொம்பியூட்டரைத் திறந்தால் “இப்போது மாற்றவா, பிறகு மாற்றவா” என்று கேட்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே வைக்கவில்லை. புதுப் பெட்டி ஏழரை லட்சம். பழைய சிப் ஒன்றையும் அது கண்ணெடுத்தும் பார்க்காது. வவுனியாக்காரர் வாங்கிவிட்டார்கள். எங்கள் இரண்டு கழகத்துக்குமாகக் கொழும்புச் சங்கம் இலவசமாகத் தருவது ஒரேயொரு பெட்டி. யாருடைய ஆள் முன்னுக்கு வருகிறாரோ அவருடைய கழகத்துக்கு. முதல் இரண்டு இடமும் வவுனியாவுக்குப் போனதால் மூன்றாம் இடத்தோடு அது முடிவாகிவிட்டது.

அது இப்போது முரசுமோட்டைக்கு வரப்போகிறது. நான் கதைத்த கதைக்காக.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கோ. மனதில் முதலில் வருகிற பதிலை மட்டும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சு. முத்துலிங்கம்
செயலாளர் (இன்னும்)


புதுக்குடியிருப்பு
04.10.2025

திரு. முத்துலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தீர்கள். உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டிருந்தீர்கள். கொண்டக்டர் அதை என் கையில் தரும்போது, “எட்டுத் தரமோ ரீச்சர்?” என்று கேட்டார். ஆகையால் இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் என்ற வரியை நீங்கள் இனி வெட்டிவிடலாம்.

முதலில் வருகிற பதிலை எழுத வேண்டாம் என்கிறீர்கள். இரண்டாவதாக வந்த பதிலையும் மூன்றாவதாக வந்த பதிலையும் பார்த்தேன். மூன்றும் ஒன்றுதான். கொழும்புக்கு எழுதுங்கள்.

பெட்டி வருவதற்கு முன் ஏழு வருசம் கோட்டடியில் கதிரை போட்டு, கொப்பியும் நிறுத்துகடிகாரமுமாக எண்ணியவள் நான். பெட்டி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் ஓடுகிற நாளில் சுமித்திராவிடம் கொப்பியைக் கொடுப்பேன். ஆடைத் தொழிற்சாலையில் நாளுக்கு ஆயிரம் சட்டைக் கை தைத்து எண்ணுகிற பிள்ளை; அவள் பிழை விட்டு நான் கண்டதில்லை. உங்கள் நம்பருக்கு நேரே மூன்று கோடு. நாலாவது இல்லை. அதைக் காட்டத்தான் எழும்பி வந்தேன். மெசின் பொய் சொல்லாது என்று அவர் சொன்னதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்று வந்து அன்று போகிறவர். பக்கத்தில் நின்ற நீங்கள் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லா நேரமும் திறக்கிற வாய்.

இங்கே நாங்கள் பன்னிரண்டு பேர். பெரிய ஆட்கள் யாரும் இல்லை. மாயாண்டி அண்ணன் கல் உடைக்கிற இடத்தில் வேலை முடித்து, பதினாறு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வருகிறார். எதற்கு? ஓட்டம் முடிந்ததும் அந்தப் பெட்டி அடித்துத் தருகிற துண்டுக்கு. அதில் அவருடைய பெயர், சுற்று, நேரம். அவருடைய பெயரை அச்சில் தருகிற இடம் வேறு இல்லை என்று ஒருநாள் சொன்னார். நாற்பத்திரண்டு துண்டு வைத்திருக்கிறாராம்.

என்னையும் கேட்டால் சொல்லுகிறேன். காலை ஐந்தரைக்கு ஒரு வகுப்பு, பின்னேரம் இரண்டு வகுப்பு, ஞாயிறு முழுநாள். கணக்கு, கணக்கு, கணக்கு. சனிக்கிழமை பின்னேரம் ஒன்றில்தான் என்னிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

பெட்டி இந்த மாதக் கடைசியில் வரும் என்று அறிகிறேன். அதற்கு முன் எழுதுங்கள்.

வி. விமலேஸ்வரி


முரசுமோட்டை
14.10.2025

விமலேஸ்வரி ரீச்சருக்கு,

இந்த உறையைத் தண்ணிப் பம்புக்கு வோசர் ஒட்டுகிற பசையால் ஒட்டியிருக்கிறேன். கொண்டக்டருடைய தகப்பன் வந்தாலும் திறக்க முடியாது.

நீங்கள் சொன்னபடி எழுதத்தான் இருந்தேன். கடையில் பம்புகளை ஒதுக்கிவிட்டு, கடதாசியையும் எடுத்து வைத்தேன். ஆனால் தலைவரிடம் சொல்லாமல் செயலாளர் எழுதுவது முறையில்லை அல்லவா? செல்வநாயகத்தாரிடம் போனேன். அவர் வாய்க்கால் கரையில் நின்று யாருடனோ வரம்புச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றேன்.

“தலைவர், மூண்டாம் இடம் எங்கட இல்லை.”

“ஆர் சொன்னது?”

“நான் சொல்லுறன்.”

“நீ சொன்னா ஆரடா நம்பப்போறான்? பெட்டி சொல்லியிருக்கு.”

“கார் ஓடேல்ல தலைவர். நான்தான் நடந்தனான்.”

அவர் என்னைக் காலிலிருந்து தலை மட்டும் பார்த்தார். “அப்ப நல்லாத்தான் நடந்திருக்கிறாய்” என்றார். “உனக்கு முழங்கால் வருத்தமெல்லே? ரெண்டு கிழமைக்கு வீட்டில இரு. ஒருத்தரோடையும் கதையாத. அது உன்னால ஏலாது, ஆனாப் பார்.”

இதற்கிடையில் இன்னொன்று நடந்துவிட்டது. சந்தியில், என் கடைக்கு நேர் எதிரே, பனர் கட்டியிருக்கிறார்கள். “வன்னியின் வேகப்புயல், பதினொரு சுற்று” என்று மேலே. கீழே நான். படம் என் கலியாணத்துக்குப் பிடித்தது. அதில் உள்ள மயிரில் கால்வாசிகூட இப்போது என்னிடம் இல்லை. மீசைக்குக் கறுப்பு அடித்திருக்கிறான் பிரதீபன், அவன்தான் அச்சடிக்கிறவன். கடையில் குனிந்து வேலை செய்தால் பனரில் உள்ளவன் என்னை மேலேயிருந்து பார்க்கிறான். நிமிர்ந்தால் நான் அவனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பம்பு திருத்த வருகிறவர்கள் முன்புபோல விலை பேசுவதில்லை. “புயலிட்டக் கொடுத்தா டக்கெண்டு முடியும்” என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்று பேருக்கு இன்னும் முடிக்கவில்லை.

இந்த நிலையில் கொழும்புக்கு எழுதினால் அந்தப் பனரை என்ன செய்வது என்று நினைத்துப் பாருங்கோ.

அதனால் ஒரு வழி யோசித்தேன். பெட்டி எங்கள் பெயரில் வரட்டும். பழையபடி ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே. பஸ்ஸில் நானே கொண்டுவந்து தருகிறேன். மீன்கூடைக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன்; போன வருசம் நடந்தது என் பிழை இல்லை, ஆனாலும் வைக்கமாட்டேன். கோப்பையையும் உங்களுக்கே தந்துவிடுகிறேன், பேரைச் சுரண்டிவிட்டு.

என்ன சொல்லுகிறீர்கள்?

சு. முத்துலிங்கம்


புதுக்குடியிருப்பு
20.10.2025

திரு. முத்துலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் உறையைக் கத்தியால் வெட்டவேண்டி வந்தது. முதல் இரண்டு வரியும் உறையோடு போய்விட்டன. அவற்றில் முக்கியமாக ஒன்றும் இருந்திராது என்று நம்புகிறேன்.

பெட்டியை இரண்டு கழகமும் மாறி மாறி வைத்திருக்க முடியாது. புதுப் பெட்டி பதிந்த கழகத்தின் பெயரில், பதிந்த இடத்தில் மட்டும்தான் திறக்கும். வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் தானே பூட்டிக்கொள்ளும். உங்களுக்குக் கொழும்பிலிருந்து வந்த தாளின் நான்காம் பந்தியில் இருக்கிறது. ஐந்தாம் பந்தியில், புதுப் பெட்டியை வாங்குகிற கழகம் பழைய பெட்டியை எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆக, ஒரு கழகத்துக்குப் பெட்டி, மற்றதற்கு ஒன்றும் இல்லை. நீங்கள் அந்தத் தாளை வாசித்திருக்கமாட்டீர்கள். அதன் பின்பக்கத்தில் யாருக்கோ பம்புக் கணக்கு எழுதியிருப்பீர்கள்.

போன சனிக்கிழமை இங்கே வந்தது ஐந்து பேர். செய்தி எல்லோருக்கும் தெரியும். சுகிர்தனும் தம்பியும் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாயாண்டி அண்ணன் காரைத் துடைத்து, மட்டைப் பெட்டிக்குள் வைத்து, கயிறு கட்டிக்கொண்டிருந்தார். விற்கப்போகிறாராம்.

“ஏன் அண்ணன், டிசம்பர்வரைக்கும் ஓடலாமே?” என்றேன்.

“எண்ணுறதுக்கு ஆளில்லன்னா எதுக்குங்க டீச்சர் ஓட்டணும்? வெறுமன ஓட்டுறதுன்னா வீட்டு வாசல்லயே ஓட்டலாம். கோழிதான் பாக்கும்.”

நான் கொப்பியில் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். என் கையெழுத்து அச்சு இல்லை என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கோப்பை எனக்கு வேண்டாம். உங்கள் பனரை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. அது கணக்கில் வராது. சுமித்திராவின் கொப்பியில் அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். கொழும்புக்கு அனுப்ப உதவும், அனுப்புகிறவராக இருந்தால்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன்.

வி. விமலேஸ்வரி


முரசுமோட்டை
08.11.2025

விமலேஸ்வரி ரீச்சருக்கு,

நீங்கள் எழுதமாட்டேன் என்றீர்கள். வாசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் பெட்டியோடு வருகிறது. மஞ்சள் நாடா சுற்றியதுதான் புதுப் பெட்டி. சாக்கில் கட்டியிருப்பது பழையது, நீங்கள் ஒப்படைக்க வேண்டியது. முதல் பஸ்ஸில், சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையில் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்கும் ஒரு ரிக்கற் எடுத்தேன். கொண்டக்டர், “இது அரை ரிக்கற்றோ முழு ரிக்கற்றோ அண்ணை?” என்று கேட்டார். ஆறு வயசு ஆகவில்லை என்றேன்.

எழுதவேண்டியதை எழுதிவிட்டேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல மனசு வந்து எழுதினேன் என்று நினைத்துவிட வேண்டாம்; எனக்கு அப்படியொன்று வந்தால் மனிசி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பா. நடந்தது இதுதான். 24ஆம் திகதி மத்தியானம் கடை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின் கரியரில் கயிறு கட்டின பெட்டி. மாயாண்டி. கல் வேலையால் அன்று ஓட்டத்துக்கு வராதவர், புதுக்குடியிருப்பிலிருந்து மிதித்தே வந்திருக்கிறார். காரை வாங்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டு எதிரே பனரைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பதினொரு சுத்துங்களா ஐயா?”

“ஓம்” என்றேன்.

“நான் ஒரு தடவகூட எட்டுக்கு மேல போனதில்லங்க. பெரிய வெசயம்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மனிதன் நக்கல் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நக்கலுக்கு நான் பழக்கம், அதில்தான் சாப்பிடுகிறேன். அவர் உண்மையாகவே சொன்னார். காரைக் கொண்டுபோங்கோ, இரண்டு கிழமை பொறுங்கோ என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். கடையைப் பூட்டிவிட்டுக் கடிதத்தை எழுதினேன். சுமித்திராவின் பக்கத்தையும் வைத்தேன். அன்று பின்னேரமே பரந்தனுக்குப் போய்த் தபாலில் போட்டேன். பக்கத்துத் தபாலகத்தில் போட்டால் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

கொழும்பிலிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. மூன்றாம் இடம் உங்களுக்கு. இங்கே வந்து திறக்காமல் கிடந்த பெட்டி புதுக்குடியிருப்புக்கு. எனக்கு ஒரு வருசம் ஓட்டத் தடை. ஓடாதவனுக்கு ஓட்டத் தடை போட்டிருக்கிறார்கள் என்று ஜனார்த்தனன் சிரித்தான். அவன் ஒருத்தன்தான் சிரித்தான். மற்றவர்கள் கூட்டம் வைத்தார்கள். நான் இப்போது செயலாளர் இல்லை. எங்கள் கழகத்தில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் பெட்டி இல்லாமல் பண்ணியவன் என்று யதுர்ஷன் முகத்துக்கு நேரே சொன்னான். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

பனர் விசயம் தானே முடிந்துவிட்டது. செல்வநாயகத்தார் அதை அவிழ்த்துக்கொண்டுபோய்த் தன்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு மேலே போட்டிருக்கிறார், மழைக்கு. எஞ்சினுக்கு மேலே என் முகம். மீசையிலிருந்து தண்ணி வடிகிறது. வயலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். புயல் இப்போது பொருத்தமான இடத்தில் இருக்கிறது என்கிறார்கள்.

இனி இங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நெல் வரும்வரை தளம் சும்மா கிடக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பெருமைக்கு இல்லை. ஐம்பத்துநாலு வயசு, ஒரு முழங்கால் சரியில்லை, மழை வந்தால் மற்றதும் சரியில்லை. அப்படி ஒருத்தன் எட்டு நிமிச ஓட்டத்தில், மிச்சமிருந்த ஆறு நிமிசத்துக்குள், எட்டுத் தரம் கோட்டைக் கடந்திருக்கிறான். அதுவும் ஒவ்வொரு தரமும் புதுக்கதையோடு. குற்றம் குற்றம்தான். ஆனாலும் யாரும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பேசவில்லை.

சு. முத்துலிங்கம்


புதுக்குடியிருப்பு
16.11.2025

முத்துலிங்கம் அண்ணைக்கு,

பெட்டி இரண்டும் கிடைத்தன. பஸ்ஸில் இரண்டு பேர் நின்றுகொண்டு வர, பெட்டி இருந்துகொண்டு வந்ததாம். கொண்டக்டர் முறைப்பட்டார்.

பழையதை ஒப்படைத்தாயிற்று. நேற்றுச் சனிக்கிழமை மழை விட்ட இரண்டு மணித்தியாலத்துக்குள் வயரைப் புதைத்து ஓடினோம். ஒன்பது பேர் வந்தார்கள். புதுச் சிப் பத்துக்கு மட்டும் பாதி விலை. அதற்குமேல் வேண்டுமென்றால் முழு விலை. சிப் உள்ளவர் ஓடி முடித்ததும் கழற்றி மற்றவருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தோம். கம்பனி இதை விரும்பாது. கம்பனி இங்கே வரப்போவதும் இல்லை. மாயாண்டி அண்ணன் காரை விற்கவில்லை. ஒன்பது சுற்று ஓடினார். துண்டை இரண்டாக மடித்து, சேட்டுக்குள் வைத்து, பிறகு எடுத்து விரித்து, மடிப்பு எழுத்தில் விழுந்துவிட்டதா என்று பார்த்தார்.

உங்கள் கழகத்துக்கு ஒரு யோசனை. பெட்டிதான் பூட்டிக்கொள்ளும். நான் பூட்டிக்கொள்ளமாட்டேன். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு வகுப்பை மாற்றி வைத்துவிட்டு, காலை பஸ்ஸில் முரசுமோட்டைக்கு வந்து கொப்பியில் எண்ணித் தருகிறேன். கொழும்பு அதை ஏற்காது. சுமித்திரா தொழிற்சாலைக் கொம்பியூட்டரில் அடித்துத் தருவாள். ஆகவே பெயர் அச்சில் வரும். தலைவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், சொன்னால் கெட்டுவிடும். நானே எழுதுகிறேன். உங்கள் நம்பரை மறுபடி திறந்துவிட்டிருக்கிறேன். இரவு எட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டாம்.

இனி வேறொரு சங்கதி. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இது முக்கியமில்லை.

நேற்றுப் பேச்சியம்மா தேத்தண்ணியோடு வந்திருந்தார். மேசையில் புதுச் சிப்புகளைக் கண்டுவிட்டு, ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“இதே மாதிரி செவப்பா ஒன்னு அன்னைக்கு நம்ம கிளாஸ் வாளிக்குள்ள கெடந்திச்சிங்க டீச்சர். முத்துலிங்கம் ஐயா குனிஞ்சு குடிச்ச கிளாஸ வைக்கிறப்ப சட்டப் பையிலருந்து விழுந்திருச்சு போல. ஓட்டம் முடிஞ்சப்பறம்தான் கண்டேன். தொடச்சு மேசத் தட்டுல வச்சேன்.”

அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். வயரிலிருந்து ஓரடிக்கு மேலே போனால் பெட்டி சிப்பை வாசிக்காது. பழையதும் அப்படித்தான் என்று தாளில் இருக்கிறது. உங்கள் சேட் பொக்கற் நாலடி உயரத்தில் இருக்கிறது. பேச்சியம்மா கட்டையான ஆள். கையில் தொங்கினால் வாளியின் அடி நிலத்திலிருந்து அரையடி. அன்று கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிளாஸ் பொறுக்கித் திரிந்தவர் அவர்தான்.

ஆனாலும் நீங்களும் எத்தனை தரம் நடந்தீர்கள் என்று அறிய விரும்பினேன். நீங்கள் குறுக்கே போகும்போதெல்லாம் கார் மறைந்ததால், சுமித்திரா எரிச்சலில் அதையும் பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். போட்டோக்கொப்பியில் அந்த ஓரம் விழவில்லை.

இரண்டு. ஒருக்கால் போனது, ஒருக்கால் வந்தது.

வி. விமலேஸ்வரி